பச்சையில் நின்ற நாடா

இனிமேல் இந்த நாட்டில் பசியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்துத் திட்டத்தின் இயக்குநர் அறிவித்தார். பிரம்மபுத்திராவின் நடுவே மணலில் தட்டி நின்றுவிட்ட படகிலிருந்து அறிவித்தார். மூடுபனி விலகி வெளிச்சம் நன்றாக இருப்பதாகப் படம் பிடிப்பவர் சொன்னதால் அங்கேயே பேசவேண்டியதாயிற்று. காலையில் ஒன்றும் சாப்பிடாத ஆட்கள் முழங்காலளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சோனாபாதா மணல்திட்டின் கரையில் மகள் லாபோனியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெஃபாலி நின்றாள். படகில் இருந்த அட்டைப்பெட்டியின் மேல்தான் அவள் கண். போன வாரம் சத்துணவுப் பணியாளர் தஹ்மினா வந்து குழந்தையின் புஜத்தை மூவர்ண நாடாவால் அளந்தபோது சிவப்பில் நின்றது. சிவப்புக்குச் சத்துணவுப் பொட்டலம், மஞ்சளுக்குப் புத்திமதி, பச்சைக்குக் கைதட்டல். அதுதான் திட்டம். இன்று இயக்குநரே தன் கையால் அளந்து, முதல் பொட்டலத்தைத் தன் கையாலேயே தருவதாக ஏற்பாடு.

யூனியன் சேர்மன் மொஃபஸ்ஸலுக்கு வேறு கவலை. டாக்காவிலிருந்து விருந்தாளிகள் வரும் நாளில், தன் எல்லைக்குள் ஒரு குழந்தை விலா எலும்பு தெரிய நிற்பதா? விடியுமுன்பே பேரனுடைய ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பிவிட்டார். கத்தாரிலிருந்து வந்தது, பஞ்சு ரஜாய்ப் போர்வை மாதிரி கனம், கைகளில் பின்னிய வெள்ளை மான்கள். ஷெஃபாலிக்கும் அதில் சந்தோஷம்தான். குழந்தையின் தலைக்கு எண்ணெய் தடவி, நெற்றி ஓரத்தில் மையும் வைத்தாள். விருந்தாளி முன்னால் பிள்ளையைப் பரட்டையாகக் கொண்டுபோக முடியுமா? அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக லாபோனி நடுங்காமல் இருந்தாள்.

படகு ஒருவழியாகக் கரை சேர்ந்ததும் ஷெஃபாலி மகளை மணலில் உட்காரவைத்தாள். இயக்குநர் மண்டியிட்டார். நாடாவை வாங்கி ஸ்வெட்டரின் மேலேயே சுற்றினார்.

ஷெஃபாலி தஹ்மினாவைப் பார்த்தாள். தஹ்மினா சேர்மனைப் பார்த்தாள். சேர்மன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாச்சா, ஸ்வெட்டரக் கழட்டிட்டில்ல அளக்கணும்" என்றாள் ஷெஃபாலி சேர்மனிடம், தணிந்த குரலில்.

சிரித்த முகம் மாறாமல் சேர்மன் பல்லுக்கிடையில் சொன்னார். "சும்மா இரும்மா. மாக மாசக் குளிருல புள்ளைய அம்மணமா நிக்கவெச்சுப் படம் புடிச்சா, டாக்கா முழுக்க நம்ம மானம்தான் போகும்."

நாடா பச்சையில் நின்றது. கைதட்டல் எழுந்தது.

"ஒரே வாரத்துலயா?" என்று இயக்குநர் எழுந்து நின்றார். "திட்டத்த அறிவிச்சதுக்கே இவ்வளவு பலன்னா, நடைமுறைப்படுத்தினா எங்கயோ போயிடுவோம்."

கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி ஷெஃபாலியின் காதருகே குனிந்தாள். "என்னத்தடி ஆக்கிப் போட்ட? எங்களுக்கும் சொன்னா என்ன, கொறஞ்சா போயிடுவ?"

அதையே இயக்குநரும் மரியாதையாகக் கேட்டார். வடிகஞ்சி, காட்டுச் சேம்பு, கிடைத்தால் முள்ளங்கி இலை என்று ஷெஃபாலி உள்ளதைச் சொன்னாள். உள்ளூர் உணவின் பன்முகத்தன்மை என்று உதவியாளர் எழுதிக்கொண்டார். சிவப்பு ஏதும் இல்லாததால் பெட்டியைப் பிரிக்க அவசியம் ஏற்படவில்லை. எல்லாரும் சேர்மன் வீட்டுக்கு வாத்துக்கறியும் அரிசிமாவு ரொட்டியும் சாப்பிடப் போனார்கள். படகைத் தள்ளியவர்களுக்கும் ஒரு வேலை இருந்தது. பெட்டியைத் திரும்பப் படகில் ஏற்றினார்கள்.

மதியம் தஹ்மினா தோளில் வேலைப் பையோடு ஷெஃபாலியின் குடிசைக்கு வந்தாள். ஸ்வெட்டரை வாங்கிப்போகச் சேர்மனின் ஆளும் வாசலில் நின்றான். கழற்றிக் கொடுத்த பிறகு, வெறும் கையில் நாடாவைச் சுற்றினாள் தஹ்மினா. சிவப்பு.

"இப்ப மாத்திச் சொல்லுங்க தஹ்மினா ஆபா."

"யாருகிட்ட ஷெஃபாலி பாபி சொல்ல? டைரக்டர் சாரே தன் கையால அளந்தது. அத தப்புன்னு சொன்னா, நாளைக்கு நான் இந்தப் பையத் தூக்க முடியாது." தஹ்மினா நாடாவைச் சுருட்டினாள். மறுபடி சுருட்டினாள். "திட்டு முழுக்கவே பச்சைன்னு அறிவிச்சுட்டாங்க. இனிமே இங்க அளக்கவே சொல்லல."

"அப்ப அந்தப் பெட்டி?"

"டாக்காவுக்கே போகுது. மிச்சமாயிடுச்சாம்."

ஷெஃபாலி தன் புடவைத் தலைப்பால் மகளைச் சுற்றினாள். மெல்லிய துணி. லாபோனி மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தாள். சேர்மனிடம் போகலாம் என்று நினைத்தாள். போய்? ஸ்வெட்டர் கொடுத்த மனிதரிடம் ஸ்வெட்டரைக் குறை சொல்வதா? புருஷன் டாக்காவில் ரிக்‌ஷா மிதிக்கிறான். பெட்டி போகிற அதே ஊர்தான். ஆனால் அந்தப் பெட்டி இறங்கும் வாசலில் ரிக்‌ஷாவை நிற்க விடமாட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது திட்டம் புத்தகமாக வந்தது. வழுவழுப்பான தாள். சேர்மன் அதன் அட்டையைக் கண்ணாடிச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். அட்டையில் லாபோனி இருந்தாள். ஷெஃபாலியைக் கூப்பிட்டனுப்பிக் காட்டினார். அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே பார்த்தாள், ஏனென்றால் லாபோனி இன்னும் நடக்கத் தொடங்கவில்லை.

படத்தில் பச்சை நாடாவுக்குக் கீழே இரண்டு மான்கள் தெளிவாகத் தெரிகின்றன.