லுன்மதி கேட்ட ஒரு வரி

1

இந்தக் கதை ரோஷத்தில் பிறந்தது. நேபாளத்து பக்தபூரில் எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர், இங்கே ஆண்ட மல்ல மன்னர் வரலாறு என்றால் மூன்று ஊர் ராஜாக்களின் சண்டைதானே என்று கேட்டுவிட்டுப் போனார். நான் நேவார், இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடி. அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘மல்ல மன்னர்களின் பொற்காலத்தில்…’ (பாடப்புத்தக வாசனை. அடித்துவிட்டேன்.)

2

ஊருக்கு வடக்கே லுன்மதிக்கு ஒரு பூண்டு வயல். அவள் புருஷன், பக்கத்து ராஜ்யமான லலித்பூரோடு முன்பு நடந்த போரில் அந்த ஊர்க்காரன் ஈட்டி பாய்ந்து செத்தவன். பக்தபூர் ராஜா கட்டும் கல் நீர்த்துறைக்கு மலைத் தண்ணீர் வர, அந்த வயலைப் பிளந்துதான் வாய்க்கால் போக வேண்டும். அமைச்சர் ஜசதேவர் நேரில் வந்து, வேறு நல்ல வயல் தருவதாகச் சொன்னார். அவள் வயலைக் கேட்கவில்லை. கல்வெட்டில் ஒரு வரி கேட்டாள்.

“உன் பேருதானே? போட்டுடலாம்மா.”

“என் பேரால யாருக்கு ஐயா தாகம் தீரும்? எந்த ஊர்க்காரங்க வந்தாலும் தண்ணி உண்டுன்னு வெட்டுங்க. லலித்பூர்க்காரங்களுக்கும் சேத்து.”

லலித்பூரோடு அப்போதும் பகைதான். ஜசதேவர் அரண்மனைக்குத் திரும்பி ராஜாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

3

‘ராஜாவின் காலில் விழுந்து அவள்…’ (இல்லை. மூன்று முறை எழுதினேன், விழ மாட்டேன் என்கிறாள்.)

ராஜாவே வயலுக்கு வந்தார். புருஷனைக் கொன்றவர்களுக்கா தண்ணீர் கேட்கிறாய் என்றார்.

“குத்துப்பட்டுக் கெடந்தவருக்குக் கடைசியா தண்ணி ஊத்துனது அந்த ஊர்க்காரி ஒருத்தி, மகாராஜா. அவ எந்த ஊருன்னு கேக்கல.”

 ராஜா ஜசதேவரிடம் திரும்பிச் சொன்னார்: “வெட்டச் சொல்லும். என் பேருக்கு மேல.”

(கல்வெட்டைத் தேடிக் கிளம்பாதீர்கள், என் கற்பனைதான். ஆனாலும் எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்தது. ஒருவரை ஒருவர் மிஞ்சக் கோயில் கோயிலாகக் கட்டிய வம்சம். இவர் ஒரு வரியால் மிஞ்சிவிட்டார்.)

4

திறப்பு நாள். லுன்மதி மதகைத் தூக்க, கல் மகரத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஊரே கைகூப்பி நின்றது. அப்போது லலித்பூர்ச் சுமைகாரன் ஒருவன் நாவறண்டு படியிறங்கினான். காவலாள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

அந்த வரி வெட்டிய கல் மகரத்துக்கு மேலேயே இருந்தது. ஆனால் காவலாளுக்கு எழுத்து தெரியாது. லுன்மதிக்கும் தெரியாது. அவள் ஈட்டியைக் கையால் பிடித்தபடி, மேல்படியில் நின்ற ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள்.

ராஜா வாசிக்கிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். வாய் திறக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். கல் உங்கள் எதிரிலும் இருக்கிறது. வரி இன்னதென்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள், அவன் குடிக்கட்டும்.