நுனிப் பழம்

சுருளிராஜன் அண்ணனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது என் தலையெழுத்து. சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருக்கிறார்; கம்பத்தில் நான் நடத்தும் வகுப்புக்குத் தவறாமல் வருவார். போன வாரம் ஒன்றை நிரூபிப்பது பற்றிய சொற்றொடர்களை எடுத்தேன். 'ஆசிட் டெஸ்ட்' என்றால் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை. 'பியாண்ட் எ ஷேடோ ஆஃப் டவுட்' என்றால் துளியும் சந்தேகமில்லாமல். 'ஸ்பீக்ஸ் ஃபார் இட்செல்ஃப்' என்றால் அதுவே பேசும், நாம் வாயைத் திறக்க வேண்டாம். மனிதர் இந்தக் கடைசிக்குச் சொன்ன அர்த்தத்தை மட்டும் காதில் வாங்கவில்லை.

அவருடைய பன்னீர் திராட்சையைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். உள்ளூரில் அடிமாட்டு விலைக்குக் கேட்டிருந்தார்கள். மழை வேறு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு நின்றது. பெய்தால் பழம் வெடித்துவிடும். டெல்லிக்காரர் கைவிட்டால் அண்ணனுக்கு வேறு போக்கில்லை. துணைக்கு என்னை அழைத்துவிட்டு, "நீங்க சும்மா நில்லுங்க டீச்சர், நானே பேசிக்கிறேன்" என்றார்.

திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்ததுமே 'பியாண்ட் எ ஷேடோ' ஆரம்பமாகிவிட்டது. டெல்லிக்காரர் அதைப் பொருட்படுத்தாமல் குலையின் மேலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றார். தலையாட்டினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் மேல் பழத்தை யாரும் நம்ப மாட்டார்கள். குலையில் கடைசியாகப் பழுப்பது நுனி. நுனி இனித்தால்தான் பேச்சே. அண்ணனுக்கு அது ஊறிப்போன பழக்கம். "நோ சார், திஸ் ஆசிட் டெஸ்ட்" என்று நுனிப் பழத்தைப் பிய்த்தார். அவர் காலை மிதித்தேன். கண்டுகொள்ளாமல் வாயில் போட்டார்.

முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

டெல்லிக்காரரும் ஒரு நுனிப் பழத்தைத் தின்று கண்ணை இறுக மூடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் இங்கிலீஷை மறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நாள் போகணும்னு சொல்லிருங்க டீச்சர். இப்ப வெட்டுனா, வாங்கித் திங்கிறவுக இந்த சாரத்தான வைவாக."

அப்படியே சொன்னேன். டெல்லிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"காலையிலிருந்து போன தோட்டத்திலெல்லாம் மேல் பழத்தைத்தான் நீட்டினார்கள்" என்றார் இங்கிலீஷில். "நாலு நாள் காத்திருக்கிறேன். மழையில் பழம் போனாலும் அடுத்த காய்ப்புக்கு இவரிடம்தான் வருவேன்."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "சார், ஸ்பீக்ஸ் ஃபார்..." என்று ஆரம்பித்தார்.

இந்தத் தடவை நன்றாக அழுத்தி மிதித்தேன்.