சிந்தாமணி சிந்திய தண்ணீர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல; அண்ணியிடமிருந்து வாங்கியது. அவர் படித்த பழைய ஆய்வுக்கூடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று, துணி மடித்துக்கொண்டே சொன்னார். மடித்த போர்வையையே உதறி மறுபடி மடித்தார். அதைப் பார்த்ததும் இதில் கதை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கொழுந்தன் எழுத்தாளனாக வாய்த்தால் வீட்டில் ஒரு ரகசியமும் தங்காது.

முதல் தொடக்கம்: "நுண்ணலைகள் மௌனமாக நீரைத் தழுவ—"

அண்ணி எட்டிப் பார்த்தார். "யாரு யாரத் தழுவினது?"

அடித்துவிட்டேன்.

2

ஆராய்ச்சி மாணவிகள் இருவர். ஒருத்தி என் அண்ணி. அப்போது யாருக்கும் அண்ணி ஆகியிருக்கவில்லை. [ஆகவே கதைக்குள் 'அவள்'. எழுதக் கை கூசுகிறது. பழகிவிடும்.] இன்னொருத்தி சிந்தாமணி. பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. எதை எடுத்தாலும் கீழே சிந்துவாள் என்பதால் என் அண்ணியாகிய 'அவள்' வைத்த பெயர்.

வெள்ளை நுரைப்பலகையில் வரிசையாகத் துளையிட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு பக்கமிருந்து நுண்ணலையைப் பாய்ச்சுவார்கள். மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று திரையில் கோடு ஓடும். இயற்கையில் இல்லாத குணம் வரும்படி அடுக்கிக் கட்டும் பொருளுக்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். உலோகத்தில் செய்கிற அதை வெறும் தண்ணீரிலேயே செய்யலாம் என்பது இவர்கள் கட்சி. அதிலும் இவர்களுக்கு வேண்டியிருந்தது டொராய்டல் இருமுனை. காற்றடித்த சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றி நூல் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூல் போகிற வழியில் தண்ணீருக்குள் மின்சாரம்—

"மின்சாரம்னு எழுதினா ஷாக் அடிக்குமான்னு கேப்பாங்க. மின்புலம் அப்படிச் சுத்துதுன்னு எழுது," என்றார் அண்ணி.

மின்புலம் அப்படிச் சுற்றுகிறது. காந்தப்புலம் வெளியே தலைகாட்டாமல் டியூபுக்குள்ளேயே வளைய வருகிறது. மெலிந்த சங்கதி இது. மற்ற அதிர்வுகளின் இரைச்சலில் அமுங்கிவிடும். போதாக்குறைக்குத் தண்ணீரே அலையை விழுங்கும். அது வந்தால் கோட்டில் கூரான பள்ளம் விழவேண்டும். மாதக்கணக்கில் இவர்களுக்கு விழுந்ததெல்லாம் சப்பைக் குழி.

3

அளவெடுக்கும் அறைக்குள் சுவர், கூரை எங்கும் கறுப்பு நுரைக்கூம்புகள். பேசினால் குரல் வாயைவிட்டு நகராது. வெளியே ஒரு மேசையும் திரையும். அன்று இவர்களுக்குக் கடைசி நாள்; மாலையோடு அந்த அறை வேறு குழுவுக்குப் போகிறது. பள்ளம் விழாவிட்டால் தலைப்பை மாற்றுங்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடைசியாக ஒருமுறை நிரப்ப உட்கார்ந்தபோது, சிந்தாமணி கையிலிருந்த கேன் நழுவியது. காய்ச்சி வடித்த தண்ணீர் முழுக்கத் தரையில். ஸ்டோர் பூட்டியாயிற்று.

"போச்சுடி," என்றாள் சிந்தாமணி. "விடு. வா, வெளிய உக்காந்து பேசலாம்."

"பேசுற நேரமா இது?" அவள் கண் மேசைமேல் இருந்த பிளாஸ்க்கில் நின்றது. "அதுல என்ன?"

"சுடுதண்ணி. தொண்ட கட்டியிருக்கு."

"கொதிச்சதுதானே? கொடு."

"நான் குடிக்கிறதுடி அது."

"தொண்டைய நாளைக்குப் பாத்துக்கலாம்."

சிரிஞ்சால் துளை துளையாக நிரப்பினாள். கோட்டை ஓடவிட்டார்கள். பள்ளம் விழுந்தது, கத்தியால் கீறியதுபோல் விழுந்தது. [அண்ணியின் விளக்கம்: தண்ணீர் சூடாக இருந்தால் அந்த அலைவரிசையில் விழுங்குவது குறையும். "இதுகூடத் தோணாம பச்சத்தண்ணியா ஊத்திட்டிருந்தோம்."]

தண்ணீர் ஆற ஆற, பள்ளம் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. இருவரும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள்.

"நடக்குதுடி அது," என்றாள் சிந்தாமணி.

"அப்படி ஒரு சாயங்காலம் அப்புறம் எனக்கு வரல தம்பி," என்றார் அண்ணி. "கல்யாணம், கொழந்தைங்க, எல்லாம் நல்லாத்தான் அமைஞ்சுது. இது வேற."

4

அடுத்த வாரம் சிந்தாமணி வரவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம், குடும்பத்து அச்சகத்தை அவள்தான் போய்ப் பார்க்கவேண்டும். அதை அண்ணிக்குச் சொன்னவரே பேராசிரியர்தான். போவது என்ற முடிவு அந்த மாலைக்கு முன்பே எடுத்ததாம். கட்டுரை இருவர் பேரிலும் வந்தது. பேச்சு நின்றுபோனது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி.

"பக்கத்துலயே உக்காந்திருந்தா. வாயத் தொறக்கல. அதான் எனக்கு..."

வாக்கியத்தை அண்ணி முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

5

எனக்குச் சிந்தாமணிமேல் சந்தேகம். சிந்துகிறவள், சிரிக்கிறவள், சொல்லாமல் போகிறவள்; எப்படி ஒட்டினாலும் ஒரே ஆளாக நிற்கவில்லை. முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன். இடிபடும் கட்டடத்தின் முன்னால் இருவரும் சந்தித்து— (சினிமா.) சிந்தாமணி இறந்துவிட்டதாக— (உயிரோடிருக்கிறவரை எப்படிக் கொல்வது?) கடைசியில் அண்ணியின் போனில் அந்தக் குழுவிலிருந்து எண்ணை எடுத்து நானே கூப்பிட்டு, கேன் நழுவிய மாலையைப் பற்றிக் கேட்டேன்.

"கை நழுவிடுச்சுன்னா சொன்னா?" எதிர்முனையில் சிரிப்பு. "நழுவல தம்பி. நான்தான் சாச்சேன். காலையிலருந்து சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். அவ தலைய நிமிர்த்தவே இல்ல. தண்ணி தீந்தா வேல நிக்கும், வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லிடலாம்னு பாத்தேன். அவ பிளாஸ்க்கப் புடுங்கிட்டா. பள்ளம் வேற விழுந்துருச்சு. அந்த மொகத்தப் பாத்தப்புறம் எப்படிச் சொல்றது?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளினேன். அது வருஷக்கணக்காயிடுச்சு."

6

இதை எழுதினால் அண்ணி படிப்பார். எழுதாவிட்டால் கேன் தானாக நழுவியதாகவே கதை நிற்கும். அப்படியும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் கலையாமல் வைத்திருக்கும் ஒரு மாலையில் கைவைக்க நான் யார்? ஐந்தாம் பகுதியை ஒளித்துவைத்தேன். தூக்கம் கெட்டதுதான் மிச்சம். இன்று காலை கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணி படித்தார். கடைசித் தாளைக் கீழே வைக்காமல் வெகுநேரம் பிடித்திருந்தார்.

"இது நீ கட்டினதா, அவ சொன்னதா?"

"அவங்க சொன்னதுதான் அண்ணி."

"கள்ளி," என்றார். கோபமா இல்லையா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு போனை எடுத்தார்.

எதிர்முனையில் மணி அடிப்பது எனக்கே கேட்டது. எழுதுகிறவன் அங்கேயே நின்றிருக்கவேண்டும். நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். யார் முதலில் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவுக்குத் தாழ் போடவில்லை. வேண்டுமானால் நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.