பாலிகை மண்

கண்ணாடித் தொட்டியின் மீது சிவப்ரியா தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: ‘மண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது. உள்ளே உயிர் இருக்கிறது.’ கல்யாண வேலைக்கு ஆட்கள் வரத் தொடங்கிய அன்றே ஒட்டியது. காகிதம் ஓரம்கூடக் கிழியாமல் அப்படியே இருந்தது. தொட்டியில் மண்தான் இல்லை.

காலையில் பந்தக்கால் நட்டதும் நெற்றி மஞ்சளோடு ஆபீசுக்குக் கிளம்பிப் போனவள் அவள். காரைக்காலில் ஓர் ஆடிட்டரிடம் வேலை. கல்யாண லீவுக்கு முன் அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் கோவில்பத்து வீட்டுக்குள் நுழைந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கடைசி அறைக்குப் போனாள். நாற்பத்தொரு நாளாக வீடு திரும்பியதும் அவள் செய்கிற முதல் காரியம் தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது. கடல் வாசனை வந்தால் நல்லது. அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே இருப்பது செத்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

இன்று தொட்டியின் அடியில் கொட்டாங்குச்சியால் சுரண்டிய கோடுகள்தான் தெரிந்தன.

அந்தத் தொட்டியில் இருந்தவை காலிச் சங்குக்குள் குடியிருக்கும் இரண்டு சங்கு நண்டுகள். நான்கு வருடத்துக்கு முன்பு திருவேட்டக்குடியில் மீன் விற்கும் காசியம்மா, கிழிந்த வலையில் சிக்கிக் கிடந்தவை என்று ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அப்போது மூன்று. பெரியதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தாள், தேடுகிற நேரத்தில் இடத்தில் இருக்காது என்பதால். சின்னதற்குச் சோழி. மூன்றாவதற்குப் பெயர் வைக்கும் முன்பே அது மண்ணுக்குள் போய்ப் புதைந்துகொண்டது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, செத்துவிட்டதோ என்ற பயத்தில் சிவப்ரியா ஸ்பூனால் தோண்டினாள். உள்ளே அது பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுத் தோல் இறுகாமல் பச்சைக் குழந்தையாகக் கிடந்தது. வெளிக்காற்று பட்டு மறுநாளே செத்தது. வளர்கிற நண்டுக்குத் தோல் பத்தாது, மண்ணுக்குள் ஒளிந்துதான் மாற்றிக்கொள்ளும், ஒரு மாதமோ மூன்று மாதமோ அதன் இஷ்டம் என்பதை ஓர் உயிரைக் கொன்றுதான் அவள் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு ஒருநாளும் தோண்டியதில்லை. இப்போது தாசில்தாரும் சோழியும் புதைந்து நாற்பத்தொரு நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் திருவேட்டக்குடி போய்க் கேனில் கடல்தண்ணீர் பிடித்து வந்து மண்ணை ஈரமாக வைப்பாள். மண்ணுக்குள் இருக்கும்வரை அவ்வளவுதான் வளர்ப்பு. மீதி எல்லாம் சும்மா இருப்பது.

சும்மா இருப்பது என்பது இந்த வீட்டில் யாருக்குமே வராத வித்தை.

“அத்தை! தொட்டியில இருந்த மண்ணு எங்க?”

அத்தை மங்கையர்க்கரசி அடுப்படியில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. அம்மா இல்லாத வீடு என்று பதினைந்து நாளைக்கு முன்பே வந்திறங்கி, கல்யாணத்தைத் தலையில் தூக்கிச் சுமப்பவள். அதனாலேயே அவளிடம் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம்.

“அந்தக் கண்ணாடிப் பொட்டியா? பாலிகைக்கு எடுத்தேன்டி. நாலு நாளா விடாத மழை, வய மண்ணு பூரா சேறாக் கெடக்கு. இது நல்லா பதமா ஈரமா இருந்துச்சு. காலிப் பொட்டிதான?”

“காலியா? எழுதி ஒட்டியிருக்கேன், படிக்கலியா நீங்க?”

“படிச்சேன். ஒரு மாசத்துக்கு மேல சோறு தண்ணியில்லாம எந்த உசுருடி மண்ணுக்குள்ள இருக்கும்? செத்துப்போனத வச்சிக்கிட்டு இருக்கியே, சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான் பேசாம இருந்தேன்.”

சிவப்ரியாவுக்கு உச்சந்தலை கொதித்தது. பார்க்காமல் செய்தவளை மன்னிக்கலாம். படித்துப் பார்த்து, பாவம் என்று இரக்கப்பட்டு, அதன் பிறகு கொட்டாங்குச்சியை எடுத்தவளை என்ன செய்வது?

“தோண்டுறப்ப எதுவும் வந்துச்சா?”

“சின்னதா ஒண்ணு வந்துச்சு. வெள்ளவெளேர்னு கொழகொழன்னு. அழுவிப்போச்சுன்னு கொல்லப்பக்கம் வீசிட்டேன்.”

கொல்லையில் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் சோழி கிடந்தது. சங்கு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். ஒரு கால் அசைந்ததைப் பார்த்து ஆசையோடு குனிந்தாள். எறும்புகள் இழுத்ததில் அசைந்த கால் அது.

அவள் அழவில்லை. நேரே பூஜை அறைக்குப் போனாள். கல்யாணப் பாலிகைக்கான ஐந்து மண்சட்டிகள் வரிசையாக இருந்தன. காலை பத்தரை மணிக்கு ஐந்து சுமங்கலிகள் பச்சைப்பயறும் நெல்லும் தூவி, பால் கலந்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். பயிர் முளைத்துச் செழித்தால் குடும்பம் செழிக்கும். கல்யாணம் முடிந்ததும் சட்டியோடு கொண்டுபோய்க் குளத்தில் கரைத்துவிடுவார்கள். நடுச்சட்டி மட்டும் பெரியது. தொட்டியின் மூலையிலிருந்து மண்ணைக் கட்டியாக வெட்டி உடையாமல் அதில் வைத்தேன் என்று அத்தையே பின்னால் வந்து பெருமையாகச் சொன்னாள். தாசில்தார் புதைந்திருந்தது அந்த மூலையில்தான். சிவப்ரியா சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

“அடிப்பாவி! பால் தெளிச்ச பாலிகைய எடம் மாத்தக் கூடாதுடி!”

“உள்ள இன்னொரு நண்டு இருக்கு. தினம் மூணு வேளையும் நீங்க பாலும் தண்ணியும் ஊத்தினா மூச்சு முட்டிச் செத்துடும்.”

“அப்ப கிளறி எடுத்துக்கிட்டு சட்டியக் குடு.”

“கிளறினாலும் செத்துடும்!”

“அப்ப என்னதான்டி பண்ணச் சொல்ற?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. ஒரே ஒரு விசயத்துலயாச்சும் ஒண்ணும் பண்ணாம இருங்க!”

சத்தம் கேட்டு அப்பா தெட்சிணாமூர்த்தி வந்தார். அக்காவின் கண்ணீரையும் மகளின் கையிலிருந்த சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “விடும்மா. நல்ல காரியம் நடக்குற வீட்டுல ஒரு நண்டுக்காவ இப்படியா?” என்றார். எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவதாக அவருக்கு நினைப்பு. சிவப்ரியா சட்டியைத் தொட்டிக்குள் வைத்து மூடி, அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் திருமலைராயன்பட்டினத்துக்காரன். அன்று போனில் பேசியபோது அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். “ஒரு நண்டுதானங்க. கல்யாணம் ஆனதும் பெரிய மீன்தொட்டியே வாங்கி வச்சிடலாம்.” நல்ல மனசோடு சொன்னதுதான். நல்ல மனசுக்காரர்களால் அவளுக்கு அன்று பட்டது போதும். போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை விதைத்தது. மூன்றாம் நாள் பச்சைப்பயறு வெள்ளை மூக்கு காட்ட வேண்டும். சனிக்கிழமை காலை வரை நான்கு சட்டியிலும் ஒன்றுகூட முளைக்கவில்லை. பயறு ஊறி, தோல் சுருங்கி, கறுத்துக் கிடந்தது. அத்தைக்குக் கைகால் ஓடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு கூடத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

“இவ நடுச்சட்டியத் தூக்கினா பாரு, அப்பவே நெனச்சேன். தாயில்லாப் பொண்ணாச்சேன்னு ஓடியாந்து செஞ்சேன். தன் கல்யாணத்துக்குத் தானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டா.”

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிவப்ரியாவின் வாயில் வந்து நின்றது.

“அது கடல் மண்ணு அத்தை! ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கேன் கேனா உப்புத் தண்ணி ஊத்துற மண்ணு. அதுல பயறு முளைக்குமா? அப்பா, நீங்க சொல்லுங்க. சுனாமியில நம்ம கீழ வயல்ல கடல்தண்ணி ஏறிச்சே, எத்தன போகம் நெல்லு வரல? ‘உப்பு ஏறுன மண்ணு செத்த மண்ணு’ன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றீங்கள்ல? வெவசாயக் குடும்பம்! அஞ்சு பொம்பளைங்க நின்னு வெதச்சீங்க. ஒருத்தராச்சும் ஒரு சிட்டிக மண்ண எடுத்து நாக்குல வச்சுப் பாத்தீங்களா? எங்கேருந்து எடுத்தீங்க, என்னா மண்ணுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் கெட்டுப்போனதால முளைக்கலன்னு சொல்ல மட்டும் வாய் வருது!”

தெட்சிணாமூர்த்தி ஒரு சட்டியின் அருகில் குனிந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நாற்பது வருடம் மண்ணைப் பார்த்தே மழையைச் சொன்ன மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அக்காவைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ‘தப்பு நம்ம மேல’ என்று சொல்ல நான்கு விநாடி போதும். அவர் சொல்லவில்லை.

மறுநாள் பகல் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணழைக்க வரும்போது பாலிகைகளையும் மண்டபத்துக்கு எடுத்துப் போகவேண்டும். அன்று காலையில் சிவப்ரியா காபிக்காக அடுப்படிக்குப் போனபோது அத்தை அங்கே குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய, கடையில் வாங்கிய முளைகட்டிய பயறு. நான்கு சட்டியிலும் பழைய பயற்றை வழித்துப் போட்டுவிட்டு, முளைகளை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவதாக ஒரு புதுச்சட்டியும் வந்திருந்தது. பூஜை அறையிலிருந்த நான்கு சட்டிகளும் இடம் மாறி அடுப்படிக்கு வந்திருந்தன.

“இப்ப எடம் மாத்தலாமா அத்தை?”

அத்தை நிமிரவில்லை. “ஊரு வாய மூட வேணாமா? நீ போய்த் தலைக்கு ஊத்திக்க.”

சிவப்ரியாவுக்கு அழுகை வந்தது அப்போதுதான். ஊர் வாய்க்காகச் சாங்கியத்தை வளைக்கலாம், பொய் முளையை நடலாம், சாமிக்கு முன்னால் வைக்கலாம். ஓர் உயிருக்காக ஒரு சட்டியை ஓரடி நகர்த்தினால் மட்டும் குடும்பம் அழிந்துவிடும். முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கடைசி அறையைத் திறந்து சட்டியை மோந்து பார்த்தாள். பால் புளித்த வாடை இலேசாக இருந்தது. அதற்கு அடியில் கடல் வாசனை இருந்தது. அழுகல் இல்லை.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. பாலிகைகள் அடர்த்தியாக முளைத்திருப்பதாக மாப்பிள்ளையின் அம்மாவே வாய்விட்டுப் பாராட்டினாள். அத்தை தலைகுனிந்து, எல்லாம் சாமி செயல் என்றாள். மேடையில் உட்கார்ந்திருந்த சிவப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும் நேரம். கோவில்பத்து வீட்டு வாசலில் கார் நின்றது. டிக்கியில் பித்தளைச் சாமான், பின் சீட்டில் பாதிவரை பலகாரத் தட்டுகள். சிவப்ரியா உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கி வந்தாள். கல்யாணப் பட்டில் மண் ஒட்டியது.

“அத எங்கடி தூக்கிட்டுப் போற? வெறும் மண்ண சீரா எடுத்துக்கிட்டுப் போவாளா ஒருத்தி?” என்றாள் அத்தை.

சிவப்ரியா பின் சீட்டிலிருந்த அதிரசத் தட்டை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா கார் ஜன்னலருகே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் கிளம்பியது. அரசலாற்றுப் பாலம் ஏறும்போது ஜெயபிரகாஷ் சட்டியை எட்டிப் பார்த்தான்.

“இதுதானா அந்த நண்டு? உள்ள ஒண்ணும் காணோமே. காலியா இருக்கு போல.”

“காலின்னு சொன்னவங்க வீட்டுலேருந்துதான் வர்றேன்.”

அவன் சிரித்துக்கொண்டே விரலை மண்ணில் வைக்கப் போனான். மண்ணைத் தொடும் முன் சிவப்ரியா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வளையல்கள் அவன் தோலில் பதியும்படி பிடித்தாள். முன் சீட்டில் இருந்த அவன் மாமா திரும்பிப் பார்த்தார். அவள் விடவில்லை.

“தோண்டாதீங்க.”

அவன் கையை இழுத்துக்கொண்டான். சிவந்த மணிக்கட்டைத் தடவியபடி அவள் மடியிலிருந்த சட்டியை மறுபடி பார்த்தான். பிறகு கேட்டான்:

“வெளிய வர எத்தன நாள் ஆவும்?”

இந்த ஐந்து நாளில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அதற்காக அவள் கோபம் தணிந்துவிடவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

“தெரியாது. அதுவா வரணும். அதுவரைக்கும் உங்க வீட்டுல யாரு கை வச்சாலும், கை வச்சது நீங்களா இருந்தாலும், அன்னைக்கே நான் பஸ் ஏறிடுவேன். எங்க ஊருக்கும் போவ மாட்டேன்.”

ஜெயபிரகாஷ் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் சட்டியைக் குனிந்து மோந்து பார்த்தாள்.