ரோஜாவுக்கு வெயில் காட்டியவர்

எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு நடுவே ஒரு செங்கல் பாதை போகிறது. இடப்பக்கம் என் ரோஜாக்கள், வலப்பக்கம் என் கணவரின் ஐரிஸ் பூச்செடிகள். கல்யாணமான புதிதில் போட்டுக்கொண்ட எல்லை அது. அவர் செடிகளைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது, என் செடிகளில் அவர் கை வைக்கக்கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டிருக்கிறோம். இந்த ஒப்பந்தத்தை மட்டும் இரண்டு பேரும் மீறியதில்லை.

எனக்கு ரோஜா என்றால் வாசம்தான். பார்க்க லட்சணமாக விறைத்துக்கொண்டு நிற்கும் ஜாதிகளை நான் வாங்குவதே கிடையாது. என்னுடையவை கலைந்த தலையும் தொங்கிய கழுத்துமாகத்தான் பூக்கும். ஆனால் ஒன்றில் எலுமிச்சைத் தோல் மணக்கும், ஒன்றில் தேன். சுவரோரம் ஏறிய வெளிர்மஞ்சளில் மழை நின்றதும் தேயிலை வாசம் வரும். அவருக்கு இதெல்லாம் ஏறாது. அவர் கண்ணால் வாழ்கிற ஆள். ஒரு ஊதாவுக்குள் எத்தனை ஊதா இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, காலையில் டீயைக் கையில் வைத்தபடி ஐரிஸ் முன்னால் குந்தியிருப்பார். டீ ஆறி, வேலைக்கு நேரமாகி, நான் கத்திய பிறகுதான் எழுந்திருப்பார். வேலை, பஸ் டிப்போவில் மெக்கானிக்.

என் பிழைப்பு மூக்கால் ஓடியது. சோப்புத் தொழிற்சாலையில் வாசம் பார்ப்பவள் நான். வெட்டி வரும் கட்டிகளை முகர்ந்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்ல வேண்டும். அங்கே என்னை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தேன். ஈரக் கல்லை மூக்கில் வைத்தது போல இருந்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் கல்.

"நரம்பு தானா சரியாகணும்," என்றார் டாக்டர். "சிலருக்கு வந்துடும். சிலருக்கு வராமலே போகலாம்."

மேனேஜர் நல்ல மனுஷன். லீவு கொடுத்தார். "வரலைன்னாலும் கவலைப்படாதீங்க, பேக்கிங் பக்கம் பார்த்துக்கலாம்," என்றார். அந்த நல்ல வார்த்தைதான் என்னை அதிகமாக வதைத்தது.

வாசம் இல்லாத வீட்டில் இருப்பது தூக்கத்தில் நடப்பது போலத்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிவதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. அலமாரியைத் திறந்தால் எங்கள் துணிகளே யாருடையவையோ போல இருந்தன. நான் ஒரு பக்கம், உலகம் ஒரு பக்கம், நடுவில் கண்ணாடி. கனவில் மட்டும் எல்லாம் மணத்தது. விழித்தவுடன் கண்ணை மூடியபடியே கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்ப்பேன். நிற்காது.

ரோஜாக்கள் பூத்தன. அந்த வருஷம் போல அவை என்றைக்கும் பூத்ததில்லை. ஒவ்வொரு பூவாகக் குனிந்து முகம் புதைத்தேன். இதழின் குளிர்ச்சி தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. "ஊமைங்களா," என்று அவற்றை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு உள்ளே வந்து அழுதேன். அதன் பிறகு இடப்பக்கம் போவதை நிறுத்தினேன்.

ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு ஐரிஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை என் மூக்கிடம் எதுவும் கேட்கவில்லை. மதிய வெளிச்சம் இதழுக்குள் புகுந்து மறுபக்கம் ஊதாவாக வெளியே வந்தது. மூன்று இதழ் மேலே எழும்பி நின்றது, மூன்று கீழே சரிந்தது. சரிந்ததின் நடுவில் பூனைமுடி போல மஞ்சளாக ஒரு கீற்று. கண் சொருகும் நேரத்தில் அவை வரிசையை விட்டு ஓரடி என்னை நோக்கி வந்ததாகத் தோன்றும். விழித்துப் பார்த்தால் அதே இடத்தில் நல்ல பிள்ளைகளாக நிற்கும். ஊதாவுக்குள் நிஜமாகவே நிறைய ஊதா இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

ஒரு மதியம் அரைத் தூக்கத்திலிருந்து கண்ணைத் திறந்தபோது, இடப்பக்கச் சுவரில் வெளிர்மஞ்சள் ரோஜா துவண்டு கிடப்பது தெரிந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். செடியைச் சுற்றி மண்ணே இல்லை. வேர்கள் மொட்டையாக வெயிலில் கிடந்தன. பக்கத்துச் செடிக்கும் அதே கதி. மூன்றாவது செடியின் அருகே, டிப்போ சட்டையைக்கூட மாற்றாமல், சின்ன மண்கொத்தியோடு அவர்.

"யாரைக் கேட்டு என் செடியில கை வெச்சீங்க?"

"கோச்சுக்காதம்மா. என் செடியெல்லாம் கிழங்கு முதுகுல வெயில் பட்டாதானே பூக்குது? மண்ணுக்குள்ள மூடி வெச்சா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். அதான் இதுக்கும் கொஞ்சம் வெயில் காட்டினா..."

"காட்டினா?"

"வாசம் கூடும்னு நினைச்சேன். நல்லாக் கூடிட்டா உனக்கும் தெரிஞ்சிடும்ல."

அதற்கு மேல் கேட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினேன். "வேரை வெயில்ல போட்டுக் காய வைக்க இது என்ன ஈரத்துணியா? ரோஜா பேச்சுமூச்சு இல்லாம கெடக்கு, நின்னு பாக்கறீங்க! மண்ணை அள்ளுங்க!"

அள்ளினார். மக்கிய உரத்தைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினார். நான் மண்டியிட்டு வேரை மூடி அழுத்தினேன், தண்ணீர் விட்டேன். அடிபட்ட வேரால் பூவைத் தாங்க முடியாது. அதனால் கத்தரியை எடுத்து எல்லாப் பூக்களையும், பாதிக் கிளைகளையும் வெட்டினேன். என் கைகள் பழைய வேகத்துக்கு வந்திருந்தன. வெட்டியவை எங்களைச் சுற்றிக் குவிந்தன.

வெயில் படாமலிருக்க ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கட்டச் சொன்னேன். அதன் அடியில் உட்கார்ந்தபோது வெளிச்சம் பால் நிறமாக இறங்கியது. வேரை மூடிய மண்ணைத் தொட்டுக்கொண்டு, பிழைத்துவிடு, பிழைத்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கயிற்றின் கடைசி முடிச்சைப் போட என் தலைக்கு மேலே கையைத் தூக்கினார்.

ஏதோ ஒன்று வந்தது. கனவின் மிச்சம் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். போகவில்லை. புளித்து, கொஞ்சம் இரும்போடு, பழைய கிரீஸோடு, நேராக மூக்கில் வந்து ஏறியது.

"சீ," என்றேன்.

"என்னாச்சு?"

"நாறுது."

"எது?"

"நீங்கதான். நாறுறீங்க."

தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றார். "இன்னொரு தடவை சொல்லு."

அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தைப் புதைத்தேன். இருந்தது. வெட்டிய பூக்களை வாரி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பயந்துபோய் மறுபடி சட்டைக்கு வந்தேன். அதே நாற்றம், குறையாமல் இருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. அதோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. "இரு, ஒரு நிமிஷம், குளிச்சிட்டு வந்துடறேன்," என்றார்.

"தண்ணிப் பக்கம் போனீங்க, நடக்கிறதே வேற," என்று அவர் காலரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.