சூடு ஆறாத சிலிண்டர்

1
எங்கள் ஆக்சிஜன் ஆலையில் சிலிண்டர் நிரப்புகிற அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி முப்பத்தொன்பது மணி நேரம் ஆகிறது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. இன்று பத்து மணிக்கு மேலாளர் அறையில் விசாரணை. அதற்குள் எழுதி முடித்தால் அங்கே எனக்குப் பேச்சு வரும் என்று நினைக்கிறேன். [நிச்சயமில்லை.]

2
முதல் தொடக்கம்: "ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடுகின்றன, சூடு ஏறினால்..." பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ஆக்சிஜனை அடைக்கும்போது சிலிண்டர் சூடாகும். உள்ளே மூலக்கூறுகள் வேகமாகச் சுவரில் மோதும். அழுத்தம் காட்டும் அளவுமானியின் முள் ஏறி நிற்கும். ஆறினால் வேகம் குறையும், முள் இறங்கும். அதனால் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகே அளவு எடுக்க வேண்டும்.*

* முப்பது டிகிரி கூடினால் வேகம் நூற்றுக்கு ஐந்துதான் கூடும், அழுத்தம் பத்து. வாசகருக்கு இது தேவையா, தெரியவில்லை. அண்ணனுக்குத் தேவை.

3
வெல்டிங் பட்டறைக்குப் போன பன்னிரண்டு சிலிண்டர்களிலும் முள் குறைவாக நின்றது. அண்ணன் வால்வைச் சரியாக மூடவில்லை, கசிந்துவிட்டது என்றார் மேலாளர். அளவு எடுப்பவர்கள் நாங்கள் மூன்று பேர். சீட்டில் பெயர் எழுதும் வழக்கமில்லை. ஆறிய பிறகுதானே எடுத்தீர்கள் என்று கேட்டார். மூவரும் தலையாட்டினோம்.

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீ படிச்ச பொண்ணு. இறுக்கி மூடின சிலிண்டர்ல முள்ளு எப்படிம்மா இறங்கும்?" என்று அண்ணன் கேட்டார்.

மூலக்கூறுகளைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ சூடு குறைஞ்சா அதுவும் உங்க அண்ணன் மாதிரி அசமந்தமாயிடும்னு சொல்லு," என்றார் அண்ணி.

அண்ணன் சிரிக்கவில்லை. "சரி, சூடு ஆறுறதுக்கு முன்னாடி அளவு எடுத்தது யாரு?"

நான் செருப்பைத் தேடி—

4
கதையில் அளவு எடுத்தவராக ஒருவரை உருவாக்கினேன். நாற்பது வயது, மீசை, அலட்சியக்காரர். மூன்று முறை எழுதியும் அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. அலட்சியக்காரர் சிலிண்டரைத் தொட்டே பார்த்திருக்கமாட்டார். ஆனால் தொட்டுப் பார்த்தது உண்மை. கை சுட்டது. வெளியே லாரிக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

[மீசையை எடுத்துவிட்டேன்.]

5
முடிவு ஒன்று: மேலாளர் புரிந்துகொள்கிறார், அண்ணன் மறுநாளே வேலைக்குத் திரும்புகிறார். முடிவு இரண்டு: அண்ணனுக்குப் பதில் வேறொருவர் வேலையிழந்து வெளியே நிற்கிறார். எது என்பதை உங்களிடமே விடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு வாக்கியம்தான்.

6
[பத்து மணிக்குப் பிறகு எழுதியது.]

யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"அண்ணன் வால்வெல்லாம் சரியாத்தான் மூடினாரு, சார். சூட்டோட அளந்தது நான்."