ஏரிக்கு எந்தப் பக்கம்

டிப்போவில் அவருக்கு 'ரூட்டு' என்றுதான் பெயர். இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். எந்தத் தெருவில் எத்தனை வேகத்தடை, எந்த முக்கில் எத்தனை மணிக்கு நெரிசல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்ன விமானத்தின் பின்சீட்டில், முழங்கால் மோவாயை இடிக்காத குறையாக, குறுகி உட்கார்ந்திருந்தார்.

ஓட்டப்போவது அவருடைய மகள். இருபத்தேழு வயது. வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, ஞாயிறு ஆனால் விமானப் பயிற்சி. ஏன் இந்த ஆசை வந்தது என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டில் யாருக்கும் மாடிப்படி ஏறவே சோம்பல்.

அன்று அவள் போட்ட வழி சுலபமானதுதான். ஊர் முனையிலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய், அங்கிருந்து ஒன்பது நிமிடம் நேராகப் பறந்தால் ஏரி. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி அழகு பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார், ஆனால் வாய் திறக்க மாட்டார். ஒழுங்காகப் போய் வந்துவிட்டால் அடுத்த தடவை மகள் இதே வழியில் தனியாகப் போகலாம். பின்சீட்டில் வீட்டு ஆள் ஒருவர் வரலாம் என்று விமானப் பயிற்சிப் பள்ளியில் சொன்னதும் அவள் அப்பாவைக் கேட்டாள். ஏரிக்குப் போகிற நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸை ஆறு வருடம் ஓட்டியவர் அவர்.

"சார், உங்க வெயிட்டு எவ்வளவு?" என்று பயிற்சியாளர் கேட்டார். கிராப்பு வெட்டிய, ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அரை வார்த்தை பேசுகிறவர்.

"எழுபத்திநாலு இருக்கும் மேடம்."

தராசில் ஏறச் சொன்னார்கள். எண்பத்திமூன்று காட்டியது. அவர் தராசைச் சந்தேகமாகப் பார்த்தார். மகள் தாளில் எழுபத்திநாலை அடித்துவிட்டு எண்பத்திமூன்று என்று எழுதினாள்.

பிறகு அவள் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்கையை ஆட்டிப் பார்த்தாள், எரிபொருளைச் சின்னக் குழாயில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவருக்கு அது பிடித்திருந்தது. வேலை தெரிந்தவள் செய்கிற மாதிரி இருந்தது.

"டயர ஒரு உதை உதைச்சுப் பாத்தியா பாப்பா?"

"பிளேன உதைக்கக் கூடாதுப்பா."

காதில் ஹெட்செட்டை மாட்டியதும் அவருக்குக் குழப்பம் ஆரம்பமாகிவிட்டது. யார் யாரோ பேசினார்கள். எண்ணும் எழுத்துமாக ஏதோ சொன்னார்கள். மகளின் குரலும் அதே பாஷையில் பதில் சொன்னது. திடீரென்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் ஆண் குரல், "உங்கள் நிலையைத் தெரிவிக்கவும்" என்றது.

"நல்லா இருக்கேன் சார்," என்றார் இவர்.

முன்சீட்டில் மகளின் தோள் குலுங்கியது. "பிளேன் எங்க இருக்குன்னு அவரு என்னையக் கேக்குறாருப்பா. நீங்க பேசுறது நம்ம மூணு பேருக்குத்தான் கேக்கும்."

விமானம் ஓடியது. எழும்பியது. வயிறு ஒரு நிமிடம் பின்தங்கி, அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது. அவர் ஜன்னலில் நெற்றியை வைத்துத் தன் ஊரைப் பார்க்கத் தயாரானார்.

ஊரைக் காணோம்.

கூரைகள் இருந்தன, கோடு கோடாகத் தெருக்கள் இருந்தன. ஆனால் எது எது என்று தெரியவில்லை. மேலே லேசான மூடாப்பு வேறு. அவர் டிப்போவைத் தேடினார். தன் வீட்டைத் தேடினார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பெயர்ப்பலகை இல்லை, பெட்ரோல் பங்கின் முகப்பு இல்லை, சுவரில் எழுதிய விளம்பரம் இல்லை. இத்தனை காலமும் தான் அறிந்துவைத்திருந்தது ஊரையா, ஊரின் முகப்புகளையா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது.

"தண்ணித் தொட்டி கீழ இருக்கு," என்றாள் மகள். கடிகாரத்தை அழுத்தினாள். தொடையில் கட்டியிருந்த வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

நாலு நிமிடம் போனது. அப்போதுதான் கீழே ஒரு சாலை இரண்டாகப் பிரிவதை அவர் பார்த்தார். ஆற்றில் முழுகியவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"பாப்பா, அது சுங்கச்சாவடிப் பிரிவு. எடது பக்கம் போகுதே, அதான் ஏரி ரோடு. நீ நேரா போய்க்கிட்டிருக்க."

"நேராதான்பா போகணும். காம்பஸ் சரியாத்தான் இருக்கு."

"ஆறு வருசம் ஓட்டியிருக்கேன். நான் சொல்றேன், எடது."

மகள் வரைபடத்தைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து ரோடு என்றால் அவளுக்கு அப்பாதான். அப்பா சொன்ன வழியில் போய் அவள் ஒருநாளும் தொலைந்ததில்லை. பயிற்சியாளரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இடது பக்கம் திருப்பினாள்.

திருப்பி ஐந்து நிமிடம் ஆனது. ஏரி வரவில்லை. எட்டு நிமிடம் ஆனது. வயல் வந்தது, அப்புறம் ஒரு கல்குவாரி வந்தது. ஏரி ரோட்டில் கல்குவாரியே கிடையாது. அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோடு இருந்தது, ஆனால் அது எதிர்ப்பக்கம் வளைந்தது. ஒருவேளை இப்போதுதான் வளைத்துப் போட்டார்களோ? ஒருவேளை பார்ப்பது தலைகீழோ? அவருக்கு வலது இடதே மாறிப்போனது.

"இன்னும் கொஞ்ச தூரம் போனா ஒரு வளைவு வரும் பாரு," என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

காதில் அந்த ஆண் குரல் மறுபடி வந்தது. நிலையைத் தெரிவிக்கச் சொன்னது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மகள் பொத்தானில் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு தான் இருக்கும் இடம் உறுதியாகத் தெரியவில்லை என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள்.

பெற்ற பெண் ஊர் அறிய அப்படிச் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"இப்ப என்ன பண்ணுவ?" என்றார் பயிற்சியாளர். பறக்க ஆரம்பித்த பின் அவர் பேசிய முதல் பேச்சு.

"மேல ஏறுவேன். வட்டம் போடுவேன். பெருசா ஏதாவது தெரியுதான்னு பாத்து மேப்ல தேடுவேன்."

"செய்."

"பாப்பா, அங்க பாரு, அந்தப் பக்கம் ஒரு..."

"அப்பா, கொஞ்ச நேரம் பேசாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். கையைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டார். விமானம் சாய்ந்து சாய்ந்து ஏறியது.

கீழே ஏதோ ஓர் ஆறு தெரிந்தது, அதன்மேல் ஏதோ ஒரு பாலம், பக்கத்திலேயே ரயில் பாதை. எந்த ஊரோ என்று நினைத்துக்கொண்டார். மகள் விரலால் வரைபடத்தில் தடவினாள். ஆறு, ரயில், பாலம் மூன்றும் ஒன்றாக வருகிற இடம் ஒன்றுதான் இருந்தது.

"கெடைச்சிடுச்சு மேடம். ரோட்டோட வளைஞ்சு ஊர்ப் பக்கமே திரும்பி வந்திருக்கோம். அது எங்க ஊர்ப் பெரிய பாலம்."

அவர் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். பெரிய பாலமா? ஒரு நாளைக்கு ஆறு தடவை, பதினோரு வருடம் கடந்த பாலம். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் எப்படித் தட்டும் என்று அவருடைய இடுப்புக்குத் தெரியும். இது குச்சி மாதிரி கிடந்தது. "அது இல்ல" என்று நாக்கு நுனிவரை வந்தது. பாலத்தின் மேல் தீப்பெட்டி அளவில் ஏதோ ஊர்ந்துபோனது. பஸ்ஸாக இருக்கலாம், லாரியாகவும் இருக்கலாம்.

எரிபொருள் கணக்கைப் பார்த்துவிட்டு மகள் நேராகத் திரும்பிவந்து இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. அவராலேயே பஸ்ஸை அப்படி நிறுத்த முடியாது.

இறங்கியதும் பயிற்சியாளர் கேட்டார், "ஏன் திருப்பின?"

"நான்தான் மேடம் சொன்னேன்," என்று அவர் முந்திக்கொண்டார். "தப்பு என்மேல."

"சார், நீங்க பயணி. பயணி என்ன வேணும்னாலும் சொல்லலாம். திருப்பினது அவங்க கை."

"ஆமா மேடம். நான்தான் திருப்பினேன்," என்றாள் மகள்.

"அடுத்த ஞாயிறு இதே வழி. மறுபடி."

தனியாகப் போவது தள்ளிப்போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது மகள் காரை ஓட்டினாள். அவர் பேச்சைத் தொடங்க நாலு தடவை தொண்டையைக் கனைத்தார். கடைசியில் அவள்தான் பேசினாள்.

"அடுத்த வாரமும் நீங்க வரணும்ப்பா."

"நானா? பட்டது போதாதா?"

"நீங்க இல்லாம சரியாப் போயிட்டா என்ன பெருமை? நீங்க எடதுன்னு சொல்லும்போது நான் நேரா போகணும். அதான் எனக்கு வரல."

இது பாராட்டா, திட்டா என்று அவருக்கு விளங்கவில்லை. சரி என்று தலையாட்டிவைத்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள், "ஏரி எப்படி இருந்துச்சு?"

"பாக்கல."

"அப்ப எங்கதான் போனீங்க?"

"தெரியல," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அடுத்த ஞாயிறு மூடாப்பு இல்லை. அவர் பேசவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் ஏறினார். தண்ணீர்த் தொட்டி தாண்டி நாலாவது நிமிடத்தில் அதே பிரிவு வந்தது. வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு எப்படிப் பார்த்தாலும் அது சுங்கச்சாவடிப் பிரிவுதான். அவர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"பாப்பா, எனக்கு இன்னிக்கும் எடதுன்னுதான் தோணுது."

"சரிப்பா," என்றாள் அவள். விமானம் திரும்பவில்லை.

ஒன்பது நிமிடத்துக்கு ஐந்து விநாடி இருக்கும்போது விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே ஏரி பளபளத்தது. கரையோரம் படகுகள் அரிசி மணிகளாய்ச் சிதறிக் கிடந்தன. பயிற்சியாளர் தன் தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் இறக்கையைச் சாய்த்து, அப்பாவின் ஜன்னல் நிறையத் தண்ணீர் தெரியும்படி ஒரு வட்டம் போட்டாள்.

"ஏரி தெரியுதாப்பா?"

"தெரியுது, தெரியுது," என்றார்.

அவர் தண்ணீரைத் தாண்டி, அந்த இடதுபக்க ரோடு எங்கேதான் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.